வெள்ள விசை அளவீடு

வெள்ளநீர் கட்டடத்தின் மீது செலுத்தும் விசைகளைக் கணக்கிட்டும் சோதித்தும் அறியும் பொறியியல் துறை. இவற்றில் முதன்மையானது தேங்கிய நீரின் அழுத்தம். 1 மீட்டர் ஆழத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1 டன். 4 மீட்டர் நீளச் சுவருக்கு வெளியே மட்டும் 1 மீட்டர் நீர் நின்றால் மொத்தத் தள்ளுவிசை 2 டன். 2 மீட்டர் நின்றால் 8 டன். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அஸ்திவாரத்தைக் கீழிருந்து தூக்கும் மிதப்பு விசையும் உண்டு. மரவீடுகள் பெயர்ந்து மிதப்பது இதனால்தான்.

ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. அடித்து வரும் மரங்களின் மோதலைக் கணிப்பதே மிகக் கடினம்: எடை, வேகம், மோதும் கோணம் எல்லாம் நொடிக்கு நொடி மாறும். எனவே சோதனைக் கால்வாய்களில் மாதிரிச் சுவர்களை நிறுத்தி, அழுத்த உணரிகளாலும் விசைமானிகளாலும் அளக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய சோதனைகளுக்கும் பயன்படும் 104 மீட்டர் நீள அலைக்கால்வாய் உள்ளது.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1988-இல் வெளியிட்ட சோதனை முடிவுகள் நடைமுறையில் பெரிதும் பயன்பட்டவை. சாதாரணச் செங்கல், கான்கிரீட் பிளாக் சுவர்களை நீர்புகாமல் அடைப்பதானால், சுமார் 0.9 மீட்டர் உயரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என அவை காட்டின. அதற்கு மேல் நீரை உள்ளே விடுவதே பாதுகாப்பு. உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமானால் சுவரின் மீதான பக்கவாட்டு அழுத்தம் நீங்கும்.