குழல் துளைத்தவர்கள்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது புள்ளலூர். மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை வென்ற இடம் என்று காசாக்குடிச் செப்பேடு குறிப்பிடுவது இந்த ஊரைத்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1780 செப்டம்பர் 10 அன்று, இதே மண்ணில் இன்னொரு போர் நடந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படையும் அவர் மகன் திப்புவின் படையும், கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் வந்த கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனிப்) படையைச் சுற்றி வளைத்து முறியடித்தன.

பெய்லி குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வது திட்டம். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து சில நாட்கள் அவரை மறித்துவிட்டது. அந்த நாட்களே ஹைதருக்குப் போதுமானவையாக இருந்தன. பெய்லியிடம் இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. மன்றோ சில மைல் தொலைவில்தான் இருந்தார், ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சண்டையின் நடுவில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பீரங்கிக் குண்டு பட்டு வெடித்ததா, மைசூர் ராக்கெட் பட்டு வெடித்ததா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவர் ஓவியத்தில் அந்த வெடிப்பு பெரிதாகத் தீட்டப்பட்டிருக்கிறது. சிறைப்பட்ட பெய்லி, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார்.

செய்தி கேட்ட மன்றோ, இழுத்துச் செல்ல முடியாத கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

இந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் தளபதிகளைப் பற்றியே எழுதினார்கள். யார் தாமதித்தார், யார் பிழை செய்தார் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த ராக்கெட்டின் இரும்புக் குழாயை அடித்தெடுத்த கொல்லனைப் பற்றியும், துப்பாக்கிக் குழலுக்குத் துளையிட்டவனைப் பற்றியும் சில வரிகளே கிடைக்கின்றன. புள்ளலூரின் முக்கியமான கதை அவர்களுடையது என்றே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் அப்போது ராக்கெட் செய்யக் காகித அட்டைக் குழாய்களைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். மைசூர்க் கொல்லர்கள் மெல்லிரும்பைத் தகடாக அடித்து உருட்டிக் குழாயாக்கினார்கள். நீளம் சுமார் 20 சென்டிமீட்டர், விட்டம் 4 முதல் 8 சென்டிமீட்டர் வரை. இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் உள்ளே மருந்தை இறுக்கி அடைக்க முடிந்தது, ராக்கெட்டும் தொலைவு சென்றது. குழாயை நீண்ட மூங்கிலோடு தோல்வாரால் கட்டினார்கள். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், நகரா என்ற ஊரின் பழைய கிணறு ஒன்றில் இத்தகைய ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன.

துப்பாக்கிக் குழல் இதைவிடக் கடினமான வேலை. நீண்ட இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின் மேல் சுருளாகச் சுற்றி, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை அடிப்பார்கள். பிறகு உள்ளே துளைக்கோல் விட்டுக் கடைவார்கள். துளை ஒரு நூல் கோணினாலும் குண்டு குறி தவறும். ஒரு பக்கச் சுவர் மெலிந்தால் குழல் சுடுபவன் முகத்திலேயே வெடிக்கும். கையால் இதைச் சாதித்தவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எழுதப்படவில்லை.

நேரான துளை வேண்டும் என்ற இந்தத் தேவைதான் நவீன லேத் என்னும் கடைசல் எந்திரத்துக்குப் போகும் வழியைத் திறந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஷான் மாரிட்ஸ் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பீரங்கியைத் திடமாக வார்த்து, பிறகு துளையிடும் முறையைக் கொண்டுவந்தார். அடுத்து பீரங்கியைக் கிடைமட்டமாகச் சுழலவிட்டு, துளைக்கோலைச் சுழலாமல் உள்ளே செலுத்தும் எந்திரங்கள் வந்தன. இன்றைய லேத்தில் துளையிடுவதும் இதே முறையில்தான். 1770இல் லண்டன் அருகே வூல்விச் ஆயுதச்சாலைக்கு வந்த டச்சுக்காரர் யான் வெர்ப்ருக்கன் அதை அங்கே நிலைநிறுத்தினார். 1774இல் ஜான் வில்கின்சன் பீரங்கி துளைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே, ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரத்துக்குக் கசிவில்லாத சிலிண்டரைத் துளைத்துக் கொடுத்தார். தொழிற்புரட்சிக்குப் பீரங்கிப் பட்டறை கொடுத்த கொடை அது.

அந்த வூல்விச்சில் 12 வயதில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், ஹென்றி மாட்ஸ்லே. வளர்ந்து லண்டனில் சொந்தப் பட்டறை வைத்த அவர், 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கினார். கையில் உளியைப் பிடித்து இரும்பை வெட்டிய காலம் அதோடு மறையத் தொடங்கியது.

ஸ்ரீரங்கப்பட்டணமும் சும்மா இருக்கவில்லை. 1799இல் கோட்டை விழுந்தபோது ஆங்கிலேயர் எடுத்த கணக்கில், 929 பீரங்கிகளோடு, பீரங்கிகளையும் துப்பாக்கிகளையும் துளைக்கும் எந்திரங்கள் இருந்த கட்டடங்களும் ஆயுதப் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் இடம்பெற்றன. பிரெஞ்சுக் கைவினைஞர்களின் உதவியோடு வளர்ந்த தொழில் அது. இன்னும் முப்பது ஆண்டு கிடைத்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும் என்ற ஏக்கம், அந்தப் பட்டியலைப் படிக்கிற எவருக்கும் வரும். ராக்கெட்டுகள் வூல்விச்சுக்குப் போயின. 1804 வாக்கில் வில்லியம் காங்கிரீவ் அங்கே தம் சோதனைகளைத் தொடங்கினார். 1807இல் கோபன்ஹேகன் நகரம் அவர் உருவாக்கிய ராக்கெட்டுகளாலும் எரிந்தது. அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் மைசூர் ராக்கெட் படையின் ஓவியத்தைக் கண்டு நெகிழ்ந்ததை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுக’ளில் பதிவு செய்திருக்கிறார்.

இங்கே தமிழகத்தில் பட்டறைகள் வேறு கதியை அடைந்தன. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டின் டிசம்பரிலேயே, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்று கும்பினி ஆணையிட்டது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களைக் கட்டிப்போட்டு ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்தது. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கினாலும், உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் பழுதுபார்ப்பதும் குற்றம் என்பதில் உறுதியாக நின்றது. அது சரியான சட்டம்தான். தமிழ்நாட்டில் துப்பாக்கிக் குழல் கடையும் பெரிய இடம், 1966இல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை.

லேத் மட்டும் ஊருக்குள் வந்து தங்கிவிட்டது. 1941இல் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கரும், 1953இல் பெங்களூரில் எச்.எம்.டி.யும் ஆகிய எந்திர நிறுவனங்கள் தொடங்கின. குழல் துளைத்த அதே கன்னட நாட்டிலிருந்து வந்த லேத்துகள், கைமாறிக் கைமாறித் தமிழக ஊர்களின் பட்டறைகளில் பம்பு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்தன. பழைய லேத் வாங்கப் போகிறவர் பெயின்ட் பளபளப்பில் மயங்கக் கூடாது. அதிகம் தேய்வது, வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில் உள்ள பெட் என்னும் அடித்தளம்தான். அங்கே உளியைத் தாங்கி நகரும் கேரேஜ் லொடலொடத்து மறுகோடியில் இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நீளமான கம்பி ஒன்றைக் கடைந்து இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். கோணலைக் கண்டுபிடிக்கும் அந்தக் கவலை, குழல் துளைத்த கொல்லனுக்கும் இருந்த கவலை.

பட்டுக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களுக்குக் காஞ்சிபுரம் தன் இரும்பின் கதையையும் சொல்ல வேண்டும். நகரின் அரசு அருங்காட்சியகத்தில் புள்ளலூருக்கென்று ஓர் அறையைத் தொல்லியல் துறையும் அருங்காட்சியகத் துறையும் சேர்ந்து ஒதுக்கட்டும். கர்நாடக அரசிடம் கேட்டு, நகராக் கிணற்று ராக்கெட்டுகளில் ஒன்றையாவது அங்கே கொண்டுவந்து வைக்கட்டும்.