கப்பல் எந்தத் திசைக்கு? வெளிநாட்டுப் படிப்புத் தேர்வின் நூற்றாண்டு வரலாறு

1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பலில் ஏறினார் சீனிவாச இராமானுஜன். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பி வைத்துவிட்டார். குடுமியை எடுத்து, கோட்டும் காலரும் மாட்டிய தன் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். கடல் கடந்தால் சாதிவிலக்கு என்ற பயம் அன்று வெறும் பேச்சாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டியின் அழைப்பை 1913இல் அவர் ஏற்க மறுத்ததற்கும் அதுவே முக்கியக் காரணம். விரிவுரையாற்றச் சென்னைக்கு வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நேரில் பேசிய பிறகே மனம் இசைந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை தந்தது.

அவர் ஏன் கேம்பிரிட்ஜுக்குப் போனார்? பேக்கர், ஹாப்சன், ஹார்டி என்று அவர் கடிதம் எழுதிய மூவருமே அந்த ஊர்க்காரர்கள். பாரிஸிலும் கோட்டிங்கனிலும் அதே தரத்துக் கணித மேதைகள் அப்போது இருந்தார்கள். ஆனால் துறைமுகக் கழகக் குமாஸ்தாவாக இருந்த அவரது கைக்குக் கிடைத்தவை ஆங்கிலேயர் எழுதிய புத்தகங்கள். பள்ளி நாட்களில் அவரை ஆட்கொண்ட தேற்றத் தொகுப்பை எழுதிய கார், கேம்பிரிட்ஜில் படித்தவர். ஹார்டியின் பெயரும் அவருக்கு ஒரு சிறு நூல் வழியாகத்தான் தெரியவந்தது. கையில் இருந்த புத்தகம் எந்த ஊரைக் காட்டியதோ, கடிதமும் அந்த ஊருக்கே போனது.

மாணவர் நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் திசையை முடிவு செய்திருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள்தான் காலத்துக்குக் காலம் மாறினார்கள்.

முதல் காலகட்டத்தில் கதவு லண்டனில் இருந்தது. ஐ.சி.எஸ். என்ற இந்தியக் குடிமைப் பணித் தேர்வு 1922 வரை அங்கே மட்டுமே நடந்தது. பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் லண்டன் சட்டக் கழகங்களில் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும். ஊர் திரும்பியதும் கிடைக்கும் வேலைக்கும் மதிப்புக்கும் அந்தச் சான்றிதழே சாவி. வ.வே.சு. ஐயர் பாரிஸ்டர் படிப்புக்காகத்தான் லண்டன் போனார். அங்கே இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய 'இந்தியா ஹவுஸ்' விடுதி அவரைப் புரட்சியாளராக்கியது. 1910இல் மாறுவேடத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அரசு அதிகாரியான கர்சன் வில்லி 1909இல் லண்டனில் ஓர் இந்திய மாணவரால் கொல்லப்பட்ட பிறகு, இந்திய மாணவர்கள் மீது பிரிட்டிஷ் அரசின் கண்காணிப்பு கூடியது.

பணம் கொடுப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஜாம்ஷெட்ஜி டாடா 1892லேயே கல்விக் கடன் உதவிக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவினார். அதன் வழியே வெளிநாடு சென்று படித்தவர்களில் பிற்காலக் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனும் ஒருவர். அம்பேத்கர் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போக முடிந்தது பரோடா மன்னர் சாயாஜிராவ் தந்த மாதம் 11½ பவுண்டு உதவித்தொகையால்தான். அங்கிருந்து லண்டனுக்குப் போனவர், உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சம்பாதித்தும் சேமித்தும், கோலாப்பூர் மன்னர் ஷாஹுவின் உதவியைப் பெற்றும் 1920இல் மறுபடி லண்டன் போய் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பணம் நின்றபோது அறிவாற்றல் அந்த மேதையைக்கூடக் காப்பாற்றவில்லை என்பதை இந்த இடத்தில் நிறுத்திப் படிக்க வேண்டும்.

பெண்களுக்குக் கதவு வேறு இடத்தில் இருந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆசியப் பெண்களுக்கென்றே 1917இல் தொடங்கப்பட்ட பார்பர் உதவித்தொகை அவரை அங்கே கொண்டுசேர்த்தது. 1931இல் முனைவர் பட்டமும் பெற்றார். இராமானுஜனுக்கு 1916இல் பட்டம் தந்த கேம்பிரிட்ஜ், பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

நாட்டைப் பாராமல் ஆசிரியரைப் பார்த்துப் போனவர்களும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் 1929இலேயே தன் கட்டுரையை ஃபவுலர் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் வழியாக ராயல் சொசைட்டி இதழில் வெளியிட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அதே ஃபவுலரிடம் படிக்கக் கப்பல் ஏறினார். தாய் அப்போது கடும் நோயில் இருந்தார்; போகச் சொல்லி வற்புறுத்தியதும் அவர்தான். விண்மீன்களின் நிறை எல்லை பற்றிய கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டார். 1983இல் நோபல் பரிசு. யாரிடம் படிக்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டு, ஊரைப் பிறகு முடிவு செய்த அந்த ஒழுங்கு இன்றைக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பொருந்தும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசுகள் மாணவர்களுக்காகப் போட்டி போட்டன. 1950இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஃபுல்பிரைட் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே ஆண்டு கொழும்பில் கூடிய மாநாட்டில் பிறந்த கொழும்புத் திட்டம், ஆசிய மாணவர்களை ஆஸ்திரேலியா வரை கொண்டுபோனது. 1960இல் மாஸ்கோ மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தைத் திறந்தது.

எல்லாவற்றையும்விட ஆழமான மாற்றம் 1965இல் வந்தது. அதுவரை அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடங்கள்தான். மாணவராகப் போகலாம், முடித்ததும் திரும்ப வேண்டும். புதிய குடியேற்றச் சட்டம் அந்த எல்லையை உடைத்து, நாட்டுக்கு 20,000 வரை என்று உயர்த்தியது. திரும்பி வந்து பெறப்போகும் பதவிக்காக முன்பு படிக்கப் போனார்கள். இனி அங்கேயே தங்குவதற்கான முதல் படியாகப் படிப்பு ஆனது.

இலங்கைத் தமிழர் கதை இன்னும் கடுமையானது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வந்த 'தரப்படுத்தல்' முறையில், பேராதனைப் பொறியியல் படிப்புக்குச் சிங்கள மொழிவழி மாணவருக்கு 227 மதிப்பெண் போதும். தமிழ்வழி மாணவருக்கு 250 வேண்டும். உள்நாட்டுக் கதவு சாத்தப்பட, வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பின. அந்த வழியும் நெடுநாள் மலிவாக இருக்கவில்லை: 1980 முதல் பிரிட்டன் அயல்நாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாக வாங்கத் தொடங்கியது.

இந்தியாவில் 2001இல் வந்த கல்விக் கடன் திட்டம் நடுத்தரக் குடும்பத்தை வரிசையில் நிறுத்தியது. அமெரிக்காவோ பிரிட்டனோ, முடிவு பல வீடுகளில் வங்கியின் கல்விக்கடன் மேசையில்தான் உறுதியாகிறது. மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று என்று அப்பா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். வீட்டின் மதிப்பு எவ்வளவோ அதற்குள் அடங்கும் நாடே மகளின் நாடு.

அந்த மேசையில் ஜெர்மனி கவர்ச்சியாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் கட்டணத்தைத் தொடங்கிவிட்டது. 'ஜெர்மனியில் இலவசம்' என்று கன்சல்டன்சிக்காரர் சொன்னால், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பது அவசியம்.

மலிவைத் தேடிய பயணம் எவ்வளவு துயரமாக முடியலாம் என்பதை உக்ரைன் காட்டியது. உள்நாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் எட்டாதவர்கள் கார்கிவ், வினிட்சியா என்று போனார்கள். 2022 பிப்ரவரியில் போர் வெடித்தபோது, நிலவறைகளில் பதுங்கியிருந்த பிள்ளைகளின் செல்போன் அழைப்புக்காகத் தமிழகத்தின் பல ஊர்களில் பெற்றோர் இரவெல்லாம் விழித்திருந்தனர். இந்திய அரசின் 'ஆபரேஷன் கங்கா' மீட்பு நடவடிக்கை 18,000க்கும் மேற்பட்டோரை மீட்டது. உயிர் தப்பியவர்கள் அடுத்ததாக ஒரு விதிமுறையோடு மோதினார்கள்: 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய ஒழுங்குமுறைப்படி படிப்பையும் பயிற்சியையும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். வேறு நாட்டில் தொடர்வதற்கான தளர்வு 2022 செப்டம்பரில்தான் கிடைத்தது.

இன்று கதவின் பெயர் விசா. அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் வேலை அனுபவம் பெறும் காலம், அறிவியல், தொழில்நுட்பப் பாடங்களுக்கு 2016 முதல் மொத்தம் 36 மாதம். 2023-24 கல்வியாண்டில் அங்கே படித்த இந்தியர் 3,31,602 பேர்; 2009க்குப் பிறகு முதல் முறையாகச் சீனாவை இந்தியா முந்தியது. அந்த 36 மாதத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்ததோடு, கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகையையும் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக உயர்த்தியது.

பிரிட்டன் 2012இல் மூடிய வழியை 2021 ஜூலையில் மீண்டும் திறந்து, படித்து முடித்தவர்கள் இரண்டு ஆண்டு தங்கலாம் என்றது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2025 செப்டம்பரில் முதுகலை சேர்ந்து அடுத்த ஆண்டு இறுதிக்குள் விண்ணப்பித்துவிடும் மாணவிக்கு இரண்டு ஆண்டு. அதே பாடத்தில் 2026 ஜனவரியில் சேர்ந்து, ஓராண்டு கழித்து முடிக்கும் அவளுடைய தோழிக்கு ஒன்றரை ஆண்டு.