ரிவர்ஸ் கியர் ஏன் ஊளையிடுகிறது?

திருமுடிவாக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் பத்து வருஷப் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார். முன்னால் போகும்போது சத்தமே இல்லை. ரிவர்ஸ் போட்டால் முதலில் "கர்ர்ர்", அப்புறம் தெருமுனை வரை "ஊ...ங்" என்று ஒரு ஊளை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். "கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்கணும் சார், 20,000 ரூபாய்க்கு மேல ஆகும்" என்றார்கள்.

இங்கே இருப்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. ஊளை வேறு, கர்ர் வேறு. இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டுமென்றால் காரின் ஆரம்ப காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1890-களில் பிரான்சில் எமில் லெவாஸோர் தன் பான்ஹார்டு கார்களில் வைத்த கியர்பாக்ஸ் மிக எளிமையானது. பல்சக்கரத்தை அப்படியே தள்ளி இன்னொரு பல்சக்கரத்தோடு கோப்பது, அவ்வளவுதான். அப்படித் தள்ளிக் கோக்க வேண்டுமென்றால் பற்கள் நேராக, தண்டுக்கு இணையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். நேர்ப்பல்லில் ஒரு சிக்கல். ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பல்லை முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் தொடும். ஒவ்வொரு தொடலும் ஒரு சின்னத் தட்டு. 30 பல் உள்ள சக்கரம் நிமிஷத்துக்கு 1,000 சுற்று சுற்றினால் நிமிஷத்துக்கு 30,000 தட்டு, அதாவது நொடிக்கு 500. நம் காதுக்கு அது தட்டாகக் கேட்காது, 500 ஹெர்ட்ஸ் ஸ்வரமாகத்தான் கேட்கும். வேகம் கூடக்கூட சுருதியும் ஏறும். ஊளையின் ரகசியம் இதுதான்.

பல்லைச் சாய்வாக வெட்டினால் தொடல் ஒரு ஓரத்தில் தொடங்கி மெதுவாகப் பரவும். ஒரு பல் விடுவதற்குள் அடுத்தது பிடித்துவிடும், சத்தம் அடங்கும். இந்தச் சாய்பல்லின் மகிமையை விளம்பரமாகவே ஆக்கியவர் ஆந்த்ரே சித்ரோவென். கார் செய்வதற்கு முன் அவர் செய்தது பல்சக்கர வியாபாரம். இரண்டு பக்கமும் சாய்ந்த V வடிவப் பல்லுக்கான காப்புரிமையை போலந்தில் வாங்கி வந்தார். சித்ரோவென் காரின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் இரண்டு கூம்புகள் அந்தப் பற்கள்தான். அது தெரிந்த பிறகு அந்தச் சின்னத்தை என்னால் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

ஆனால் சாய்பல்லைத் தள்ளிக் கோப்பது கஷ்டம். எனவே முன்னோக்கிய கியர்கள் எல்லாம் எப்போதும் கோத்தபடியே சுற்றட்டும், தேவையானதை மட்டும் தண்டோடு பூட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. பூட்டும்போது இரண்டின் வேகமும் ஒத்துப்போக வேண்டுமே? அதற்குத்தான் சிங்க்ரோமெஷ். ஏர்ல் தாம்ப்சன் உருவாக்கிய அது 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது. அமைதி வந்தது, ஆனால் எல்லாக் கியருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். தாம்பரம் தாண்டி வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1961-லிருந்து அங்கே வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் மேல் மூன்று கியருக்குத்தான் சிங்க்ரோ. ஃபர்ஸ்ட் கியர் நேர்ப்பல், ரிவர்ஸும் நேர்ப்பல். அம்பாசடரிலும் நெடுங்காலம் இதே கதைதான். ஃபர்ஸ்ட் போட வண்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் டபுள் கிளட்ச் அடிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கார்களில் ரிவர்ஸ் ஊளையை யாரும் புகாராகச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபர்ஸ்ட் கியரே பாடிக்கொண்டிருந்ததே!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நான்கு முன் கியருக்கும் சிங்க்ரோ, எல்லாம் சாய்பல். பழைய ஊளை ரிவர்ஸில் மட்டும் தங்கிவிட்டது. மற்றதெல்லாம் அமைதியான பிறகுதான் ரிவர்ஸ் சத்தம் 'கோளாறு' ஆனது என்பது என் கணிப்பு. (ரிவர்ஸ் போட்டால் பாட்டுப் பாடும் ஹாரன் ஒன்று எல்லாக் காரிலும் மாட்டினார்களே, அது இருந்தவரை கியர் சத்தம் யார் காதிலும் விழுந்திருக்காது.)

ஏன் ரிவர்ஸை மட்டும் விட்டுவைத்தார்கள்? திசை மாற, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று வேண்டும். பெயர் ஐட்லர். பெரும்பாலான சின்னக் கார்களில் இது தள்ளிக் கோக்கும் நேர்ப்பல் சக்கரம், லெவாஸோர் காலத்து அதே முறை. நாளுக்குப் பத்து மீட்டர் ஓடுவதற்காகச் செலவையும் எடையையும் ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ரிவர்ஸுக்கும் சிங்க்ரோவும் சாய்பல்லும் வைத்த கார்கள் உண்டு, அவற்றில் ஊளை இருக்காது.

ஆக, வேகத்தோடு ஏறி இறங்கும் சீரான ஊளை பிறவிக்குணம். அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. கர்ர்ர் அப்படியல்ல. நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது கியர்பாக்ஸின் உள்தண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை மிதித்தாலும் அது நிற்க ஒன்றிரண்டு நொடி ஆகும். அதற்குள் ரிவர்ஸ் போட்டால் பல்லும் பல்லும் உரசும். மிதித்து மூன்று நொடி பொறுத்துப் போடுங்கள், அல்லது ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். சிங்க்ரோவே உள்தண்டை நிறுத்திவிடும். அப்படியும் கர்ர் வந்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று சந்தேகப்படலாம். தெருக்காரர் விஷயத்தில் அதுதான். கிளட்ச் கேபிளை அட்ஜஸ்ட் செய்ததும் கர்ர் போய்விட்டது. ஊளை இருக்கிறது, இருக்கட்டும்.

நிஜமாகவே பயப்பட வேண்டிய சத்தங்களும் உண்டு. சக்கரச் சுற்றோடு ஒத்து "டிக்... டிக்..." என்று வந்தால் பல் உடைந்திருக்கலாம். ஓடும்போதே ரிவர்ஸ் தானாகக் கழன்று வந்தால் பல்முனையோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கும். கிளட்சை எடுத்தவுடன் ஒரே ஒரு "டொக்" என்றால் முதலில் எஞ்சின் மவுன்டைப் பாருங்கள். ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயும், நைந்த ரப்பர் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் மட்டும் "டக் டக்" என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். நியூட்ரலில் வந்து கிளட்ச் மிதித்தால் நிற்கும் இரைச்சல் உள்தண்டு பேரிங், மிதித்தால் மட்டும் வருவது ரிலீஸ் பேரிங். இதற்கெல்லாம் கருவி எதுவும் வேண்டாம். ஆளில்லாத தெருவும், இறக்கிவிட்ட கண்ணாடியும் போதும். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் எந்தச் சத்தம் எப்போது வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு 20,000-லிருந்து தொடங்காது.

மின்சாரக் காரில் ரிவர்ஸ் கியரே கிடையாது. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், ஐட்லருக்கு வேலையில்லை, ஊளையும் இல்லை. அதனால் நடந்துபோகிறவர்களுக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாமல் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலையிலிருந்து, புதிதாக அனுமதி பெறும் மின்சாரக் கார்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸிலும் செயற்கையாக ஒரு சத்தம் எழுப்பியே ஆக வேண்டும்.