நொய்யல் வடிநில நீர் மாசு

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கும் நொய்யலாற்றின் படுகையில், சாயப்பட்டறைக் கழிவுநீரால் நிலத்தடி நீரும் விளைநிலமும் உவர்ப்படைந்த நிலையே நொய்யல் வடிநில நீர் மாசு எனப்படுகிறது. மழைமறைவுப் பகுதியான இப்படுகையில் வேளாண்மை, பாறைப் பிளவுகளில் தேங்கும் நீரை ஈர்த்துத் தரும் கிணறுகளையே பெரிதும் நம்பியுள்ளது.

பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் துணியில் தங்காமல் வெளியேறுவதாலும், வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பை நீக்காததாலும், அவ்வுப்பு ஆற்றின் வழியே கிணறுகளைச் சென்றடைந்தது. சோடியம் மிகுந்த நீர் பாயும் வயலில் களித்துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைப்பதால், நீர் உள்ளிறங்காமல் நிலம் இறுகிவிடுகிறது.

பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, நாளடைவில் கழிவுநீர்த் தேக்கமாக மாறிச் சுற்றுவட்டாரக் கிணறுகளையும் கெடுத்தது. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத முறையைப் பின்பற்றாத பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது அழுத்தத்தால் நீரை நுண்சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் செயல்முறை, கழிவுநீரை வெளிவிடாத அம்முறையின் அடிப்படையாகும். எனினும், பாறைநீரில் ஏற்கெனவே சேர்ந்த உப்பு, பல பருவமழைகளின் ஊறலால் மட்டுமே படிப்படியாகக் குறையக்கூடியது.