சோர்ந்த உள்ளத்தைத் தாங்கும் செபம்

செபிக்க வேண்டும் என்று உள்ளம் விரும்பியும் உதடுகள் அசைய மறுக்கும் நாட்கள் நம் வாழ்வில் உண்டு. நோயாளியின் கட்டிலருகே பல இரவுகள் கண்விழித்தவர்களும், கடன் சுமையால் உறக்கம் இழந்தவர்களும், நாளை என்ன நேருமோ என்று அஞ்சிக் கிடப்பவர்களும் இதனை நன்கு அறிவர். அந்நாட்களில் துன்பத்தோடு இன்னொரு வேதனையும் சேர்ந்து நம்மை வாட்டுகிறது. செபிக்கக்கூட வலுவில்லாத நாம் எத்தகைய கிறிஸ்தவர்கள் என்னும் குற்ற உணர்வே அது. இக்கேள்விக்குத் திருச்சபையின் வரலாறு ஆறுதலான விடை ஒன்றை வைத்திருக்கிறது. அதனை வியட்நாம் நாட்டுத் திருச்சபையிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம்.

இயேசு சபைத் துறவியான அலெக்சாண்டர் தெ ரோட்ஸ் 1624-ஆம் ஆண்டில் அந்நாட்டில் கால் வைத்தார். 1627-இல் வடபகுதியான டாங்கினுக்குச் சென்று நற்செய்தியை அறிவித்தார். 1630-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். குருக்கள் இல்லாத இடங்களில் மக்களின் விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பு உபதேசியார்களின் தோள்மீது விழுந்தது. அடிக்கடி திருப்பலி காணும் வாய்ப்பு அம்மக்களுக்கு இல்லை. அவர்களிடம் இருந்தவை மனப்பாடமாகக் கற்ற செபங்களே. குடும்பமாகவும் ஊராகவும் கூடி, அச்செபங்களை இராகத்தோடு ஒரே குரலில் சொல்வது அவர்களது வழக்கமாயிற்று. இன்றும் அவ்வழக்கம் அங்கே மறையவில்லை.

இது நமக்குப் புதிதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், முக்கிய செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மணியடித்துச் சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார் அன்றோ? அவர் ஊரைவிட்டு நீங்கியபின் அச்செபங்களை மக்கள் மறவாதபடி கணக்கப்பிள்ளைகள் காத்து வந்தனர்.

நெஞ்சில் பதிந்த செபத்தின் அருமை துன்பக் காலத்தில்தான் விளங்கும். 1798-இல் வியட்நாமில் வேதகலாபனை மூண்டபோது, குவாங் திரி பகுதிக் கிறிஸ்தவர்கள் லா வாங் என்னும் காட்டுக்குள் ஓடி ஒளிந்தனர். பசி, குளிர், நோய், கொடிய விலங்குகள் ஆகியவற்றிடையே அவர்கள் இரவுதோறும் ஒரு பெரிய மரத்தடியில் கூடிச் செபமாலை சொல்லி வந்தனர். அங்கே அன்னை மரியா தோன்றி அவர்களைத் தேற்றினார் என்பது அந்நாட்டு மக்களின் வழிவழி மரபு. பின்னாளில் அங்கே எழுந்த பேராலயம் 1972-ஆம் ஆண்டுப் போரில் சிதைந்தது. ஆயினும் அன்னையை நாடி வரும் மக்கள் கூட்டம் குறையவில்லை.

இம்மரபில் பிறந்தவரே கர்தினால் பிரான்சிஸ் சவேரியார் நுயென் வான் துவான். 1928-இல் ஹுயே நகரில், மறைசாட்சிகளை ஈன்ற குடும்பத்தில் அவர் பிறந்தார். 1953-இல் குருவாகவும், 1967-இல் நா திராங் மறைமாவட்ட ஆயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1975 ஏப்ரல் 24 அன்று சைகோன் உயர் மறைமாவட்டத்தின் வாரிசுப் பேராயராக நியமனம் பெற்றார். ஆறே நாட்களில் அந்நகரம் கம்யூனிசப் படைகளின் கைக்கு மாறியது. 1963-இல் கொலையுண்ட தென் வியட்நாம் அதிபர் ங்கோ தின் தியெம் அவருடைய தாய்மாமன். ஆகவே புதிய ஆட்சியாளர்கள் அவரை ஐயத்துடனேயே நோக்கினர். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, அவர் கைதானார். அணிந்திருந்த அங்கியும் சட்டைப்பையில் இருந்த செபமாலையும் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை.

விசாரணையோ தீர்ப்போ இன்றி அவர் 13 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். அவற்றுள் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. பூ கான் சிறையில் சன்னலற்ற அறை ஒன்றில் அவரை அடைத்தனர். வெப்பமும் ஈரமும் மிகுந்த அவ்வறையில் காளான்கள் முளைத்தன. மூச்சு முட்டும்போது கதவடியில் இருந்த சிறு துளையருகே முகத்தை வைத்துக் காற்றைத் தேடினார். 1976 டிசம்பரில் 1,500 கைதிகளோடு கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டு செல்லப்பட்டார். நம்பிக்கை இழந்து கிடந்த சக கைதிகளுக்கு அந்த இருளிலும் அவர் ஆறுதல் கூறினார்.

இவரைச் சோர்வே அறியாத வீரர் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆயராக எட்டாண்டுகளில் தாம் வளர்த்த பணிகளெல்லாம் அழிகின்றனவே என்ற கவலையால் பல இரவுகள் அவர் துடித்தார். அப்போது ஒரு தெளிவு அவருக்குப் பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காக நாம் செய்யும் பணிகள் வேறு. பணிகள் பறிபோகலாம், கடவுள் பறிபோகார் என்பதே அத்தெளிவு. அதன் பின்னும் சோர்வு அவரை விடவில்லை. நோயும் பசியும் தனிமையும் வாட்ட, செபிக்கவே இயலாத நீண்ட காலங்கள் தமக்கு இருந்தன என்பதை அவரே பின்னர் ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். ஓர் ஆயர் இவ்வாறு கூறுவது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அந்நாட்களில் அவர் என்ன செய்தார்? புதிய சொற்களைத் தேடி அலையவில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தையும், மங்கள வார்த்தை செபத்தையும், வழிபாட்டு மன்றாட்டுகளையும் பற்றிக்கொண்டார். தாய்மடியில் கற்ற அச்சொற்கள், சிந்திக்க வலுவிழந்த நேரத்திலும் நாவில் எழுந்தன. அவர் செபத்தைச் சுமக்கவில்லை; செபமே அவரைச் சுமந்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-இல் எதிர்நோக்கைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலில் செபத்தைக் குறித்துப் பேசும்போது இக்கர்தினாலின் சான்றினையே எடுத்துக்காட்டினார். நமது தனிப்பட்ட செபத்திற்குத் திருச்சபையின் பொதுச் செபங்கள் வழிகாட்டித் துணைநிற்க வேண்டும் என்பதை அவர் அங்கு வலியுறுத்தினார்.

பொதுச் செபங்களின் சிகரம் திருப்பலி. வயிற்று வலிக்கு மருந்து வேண்டும் என்று அவர் எழுதியதன் பொருளை விசுவாசிகள் உணர்ந்தனர். மருந்துச் சீட்டு ஒட்டிய சிறு புட்டியில் திராட்சை இரசமும், ஈரம் படாதபடி கைவிளக்கினுள் மறைத்து அப்பமும் வந்து சேர்ந்தன. மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் கொண்டு உள்ளங்கையையே கிண்ணமாக்கி அவர் திருப்பலி நிறைவேற்றினார். முகாமில் விளக்கணைந்தபின் படுக்கையில் குனிந்தவாறு நற்கருணைக் கொண்டாட்டம் நடைபெறும். கொசுவலையின் அடியாகக் கத்தோலிக்கக் கைதிகளுக்கு நற்கருணை கைமாறும். சிகரெட் பெட்டியின் தாளே நற்கருணைப் பேழையாயிற்று.

மற்றொரு நிகழ்ச்சியும் நம் சிந்தனைக்கு உரியது. அவரிடம் மொழி கற்ற காவலர்களுள் ஒருவர் இலத்தீன் பாடல் ஒன்றைக் கற்க விரும்பினார். தூய ஆவியை அழைத்துப் பாடும் தொன்மையான பாடலை ஆயர் கற்பித்தார். அக்காவலர் அதனை மனப்பாடம் செய்து காலைதோறும் பாடத் தொடங்கினார். செபிக்க வலுவற்றிருந்த ஆயரின் செவிகளில் கடவுளை ஏற்காத ஒருவரின் குரல்வழியே செபம் வந்து விழுந்தது. நமது வலுவின்மையில் தூய ஆவியார் துணைநிற்கிறார் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியது, சிறைக் கொட்டடியில் கண்முன்னே நிறைவேறியது.

செபம் அவரது சிறைக்கதவை உடனே திறந்துவிடவில்லை. வியட்நாமின் 117 மறைசாட்சிகள் புனிதர்களாக உயர்த்தப்பெற்ற 1988-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 21-இல், அவர் விடுதலை அடைந்தார். பின்னர் நாடு திரும்ப இயலாதவராய் உரோமையில் வாழ்ந்தார். 2000-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்குத் தியான உரைகள் வழங்கினார், 2001-இல் கர்தினாலானார், 2002 செப்டம்பர் 16-இல் இறைவனடி சேர்ந்தார். 2017-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. தம்மைக் காவல் செய்தவர்களைப் பற்றி அவர் கசப்பின்றியே பேசி வந்தார். பகைமை நுழையாதபடி அவரது உள்ளத்தைக் காத்ததே செபம் அவருக்குச் செய்த பெரும் நன்மை எனலாம்.

மனப்பாடச் செபங்களை வெறும் உதட்டுச் செபம் என்று இகழ்வோர் நம்மிடையே உண்டு. பொருளுணராது ஒப்பிப்பது செபமாகாது என்பது உண்மையே. ஆனால் நம் ஆண்டவரை நோக்குவோம். கெத்சமனித் தோட்டத்தில் திகிலும் துயரமும் அவரை ஆட்கொண்டன. அந்த இரவில் அவர் மும்முறை செபித்தார். மூன்றாம் முறையும் அதே சொற்களையே சொன்னார் என்று மத்தேயு குறிப்பிடுகிறார். சிலுவையில் அவர் எழுப்பிய குரலும் தம் இனத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த திருப்பாடலின் சொற்களே. இறைமகனே பழகிய சொற்களைப் பற்றிக்கொண்டார் எனில், நாம் அவ்வாறு செய்வதில் குறையென்ன இருக்கிறது?

ஆகவே, மாலையில் விளக்கேற்றிக் குடும்பமாகச் செபமாலை சொல்லும் வழக்கத்தை நாம் கைவிடாதிருப்போம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அந்த நேரத்தை விழுங்கிவிட இடங்கொடாதிருப்போம். தூக்கக் கண்களோடு பிள்ளைகள் சொல்லும் அந்த மங்கள வார்த்தைகள், பிற்காலத்தில் நாம் அருகே இல்லாத ஒரு மருத்துவமனை இரவில் அவர்களைத் தாங்கும். வலுவுள்ள நாளில் நெஞ்சில் சேமித்த செபமே வலுவற்ற நாளில் கைகொடுக்கும். அதுவும் இயலாதபோது கையில் செபமாலையைப் பிடித்திருந்தாலே போதும்; நமக்காகத் திருச்சபை முழுவதும் செபித்துக் கொண்டிருக்கிறது.