எம்டன்: மெட்ராஸில் அரை மணி நேரம், மற்ற நாளெல்லாம் மெக்கானிக் வேலை

நேரா கதைக்குப் போயிடலாம்.

1914 அக்டோபர். இந்தியப் பெருங்கடலுக்கு நட்ட நடுவில் டியேகோ கார்சியா என்று ஒரு தீவு. தென்னந்தோப்பு, கொப்பரை, தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் அங்கே. பிரிட்டிஷாருக்குச் சொந்தமான இடம். அங்கே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்து நங்கூரம் போடுகிறது. தோட்டத்து அதிகாரியின் மோட்டார் படகு பழுதாகிக் கிடக்கிறது. கப்பலில் இருந்த மெக்கானிக்குகள் அதைச் சரிபண்ணிக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு மீன், பழம், ஒரு பன்றி கிடைக்கிறது. எல்லாரும் சந்தோஷம்.

இதுல என்ன விசேஷம்னு கேக்குறீங்களா? முதல் உலகப்போர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆயிடுச்சு. பிரிட்டனும் ஜெர்மனியும் ஜென்ம எதிரிங்க. அந்தத் தீவுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லலை. அது மட்டுமில்ல, படகை ரிப்பேர் பண்ணிக் கொடுத்த அந்தக் கப்பல்தான் கொஞ்ச நாளுக்கு முன்னாடி மெட்ராஸ் மேல குண்டு போட்டது. எம்டன்.

இந்தப் பேர் நமக்குப் புதுசு இல்லை. கடலே பார்க்காத எங்க திருவண்ணாமலைப் பக்கத்துலகூட பாட்டிங்க "அவன் சரியான எம்டன்டா"ன்னு சொல்றதைக் கேட்டிருக்கேன். யார் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டுக் காரியத்தை முடிப்பவன் என்று அர்த்தம். 1914 செப்டம்பர் 22 இரவு, சுமார் அரை மணி நேரத்தில் 130 குண்டுகள் வரை சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த கப்பலுக்குத் தமிழ்நாடு கொடுத்த பரிசு இந்த வார்த்தை. அந்தத் தாக்குதலைப் பற்றி நிறையப் பேர் பேசிட்டாங்க. செண்பகராமன் பிள்ளை கதையும் வேண்டாம், அது தனி எபிசோட். நான் பேச வந்தது அந்த அரை மணி நேரத்தைத் தவிர மீதி நாட்களைப் பத்தி. ஒரு கப்பல், சொந்தத் துறைமுகம் ஒண்ணுகூட இல்லாம, ஆகஸ்ட் 14-ல இருந்து நவம்பர் 9 வரைக்கும், 87 நாள் எப்படி ஓடுச்சு? யார் ஓட்டினாங்க, யார் சுத்தம் பண்ணாங்க, கரி எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல சைஸ். எம்டன் 118 மீட்டர் நீளம். நம்ம அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 66 மீட்டர். அதைப் படுக்க வைத்து, பக்கத்தில் இன்னொன்றையும் கிட்டத்தட்ட முழுசாக வைத்தால் எம்டன். அதிகபட்ச வேகம் 23.5 நாட், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் சொச்சம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை இருபது நிமிஷத்தில் சுற்றி வந்துவிடும். 1908-ல் டான்சிக் நகரில் தண்ணீரில் இறக்கப்பட்டது. அப்போதே கொஞ்சம் பழைய டெக்னாலஜிதான். மற்ற நாடுகள் டர்பைனுக்கு மாறிக்கொண்டிருந்தபோது, பிஸ்டன் மேலும் கீழும் போகிற பழைய நீராவி இன்ஜினோடு வந்த கடைசி ஜெர்மன் க்ரூசர் இது. நீராவி தர 12 பாய்லர். கவசம் மெல்லிசு, பீரங்கி சின்னது. ஆக இதற்கு இருந்த ஒரே உண்மையான பாதுகாப்பு வேகம். வேகம் குறைந்தால் கதை முடிந்தது.

அந்த வேகத்தைத் தின்னுகிற விஷயங்கள் மூன்று: கரி, பாய்லர், கப்பலின் அடிப்பாகம்.

கரிதான் பெரிய தலைவலி. முழுசா நிரப்பினால் சுமார் 860 டன் பிடிக்கும். 12 நாட் வேகத்தில் நிதானமாகப் போனால் 3,760 கடல் மைல், அதாவது 13 நாள். அவ்வளவுதான் பேட்டரி. வேகத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் காலி. சொந்த ஊர் மாதிரி இருந்த சீனத் துறைமுகம் சிங்தாவை ஜப்பான்காரர்கள் முற்றுகையிட்டு விட்டார்கள், அங்கே திரும்ப முடியாது. டச்சுக்காரர்களிடம் போகலாம் என்றால் அவர்கள் நடுநிலை. போர்க்கப்பலை 24 மணி நேரத்துக்கு மேல் தங்க விடமாட்டார்கள். அதனால் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், மார்கோமானியா என்ற கரிக்கப்பலைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தார். அதிலிருப்பது தீர்ந்தால்? பிடிபடும் கப்பல்களிடம் எடுத்துக்கொள்வது.

செப்டம்பர் 10-ம் தேதி வங்காள விரிகுடாவில் பொன்டோபோரஸ் என்ற கிரேக்கக் கப்பல் மாட்டியது. உள்ளே 6,500 டன் இந்தியக் கரி. லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கும்ல? ஆனா நம்ம ஊர்க் கரி இந்த வேலைக்குச் சரிப்படலை. அதில் சாம்பல் அதிகம். அடுப்புக்குள் கட்டி கட்டியாக உறைந்து காற்றை அடைக்கும், அதை இரும்புக் கம்பியால் உடைத்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதைவிட மோசம் புகை. ஒளிந்து திரிகிற கப்பலுக்குக் கறுப்புப் புகை என்பது வானத்தில் எழுதிய முகவரி. செப்டம்பர் 27-ல் பியூரெஸ்க் பிடிபட்டபோதுதான் நிம்மதி. அது ஹாங்காங்குக்குப் போய்க்கொண்டிருந்த நல்ல வேல்ஸ் கரி, 6,600 டன். அதன் பிறகு பியூரெஸ்க்தான் எம்டனின் நடமாடும் பெட்ரோல் பங்க்.

ஆனா இந்த பங்க்ல நாசில் கிடையாது. இரண்டு கப்பலையும் கடல் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் கட்ட வேண்டும். அலை தூக்கிப் போடும்போது இரும்பும் இரும்பும் மோதும். நடுவில் மெத்தை மாதிரி எதைத் தொங்கவிட்டாலும் நசுங்கும், தகடு ஒடுங்கும். மனிதர்கள் கரியை மூட்டை மூட்டையாகக் கட்டி இழுத்து, கொட்டி, உள்ளே தள்ளி அடுக்க வேண்டும். வெப்பமண்டல வெயிலில், கரித்தூளுக்குள், மணிக்கணக்காக. முடிந்ததும் கப்பல் முழுக்கக் கழுவ வேண்டும். சில நாளில் மறுபடியும் இதே வேலை. இந்த வேலை செஞ்ச யாரோட பேரும் நம்ம பாட்டிங்க சொல்ற "எம்டன்"ல இல்லை.

கழுவுறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, சோப்பு. எம்டனில் சோப்பு தீர்ந்துகொண்டிருந்தது. இந்தியப் பெருங்கடல் வேட்டையில் முதலில் மூழ்கடித்த பிரிட்டிஷ் கப்பலான இண்டஸில் அவர்கள் கொண்டாடிய பொருள்களில் முக்கியமானது பெட்டி பெட்டியாகக் கிடைத்த சோப்பு! கரியில் குளிக்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்து பாய்லர். நான் பகலில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். சர்வரை நிறுத்தாமல் அப்டேட் போடுவது எப்படி என்பதுதான் எங்கள் வாழ்க்கை. பன்னிரண்டு சர்வர் இருந்தால், டிராஃபிக் குறைவாக இருக்கும்போது இரண்டை வெளியே எடுத்துச் சரிசெய்து திரும்பப் போடுவோம். நீராவிக் கப்பலிலும் அதே கணக்குதான். நிதானமாகப் போகும்போது எல்லா பாய்லரையும் எரிக்கத் தேவையில்லை. அணைத்ததை ஆறவிட்டு, குழாய்களில் படிந்த கரியையும் உப்புப் படிவத்தையும் சுரண்டலாம். ஆனால் அந்த நேரத்தில் எதிரி வந்தால் முழு வேகம் கிடைக்காது. டௌன்டைம்னா இங்க உயிர்.

மூன்றாவது, அடிப்பாகம். வெதுவெதுப்பான கடலில் கப்பலின் அடியில் பாசி வளரும், கொட்டலசு ஒட்டும். சிப்பி மாதிரி கெட்டியான சின்ன உயிர்கள். வழவழப்பான தகடு உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அதே வேகத்துக்கு அதிகக் கரி வேண்டும், எவ்வளவு எரித்தாலும் பழைய உச்ச வேகம் வராது. சாதாரணமாக உலர் துறையில் ஏற்றிச் சுரண்டுவார்கள். எம்டனை எந்தத் துறையில் ஏற்றுவது?

இதுக்குத்தான் டியேகோ கார்சியா. அமைதியான உள்கடல், போர்ச் செய்தி எட்டாத மக்கள். எம்டன்காரர்கள் கப்பலின் ஒரு பக்கத்து அறைகளில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டார்கள். கப்பல் அந்தப் பக்கம் சாயும், மறுபக்கத்தின் அடிப்பாகம் கொஞ்சம் வெளியே தெரியும். ஆட்கள் சுரண்டி எடுத்து, பெயிண்ட் அடித்தார்கள். பிறகு தண்ணீரை இந்தப் பக்கம் மாற்றி, அடுத்த பாதி. சாய்ந்து கிடக்கிற கப்பலால் சண்டை போட முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள். எம்டன் என்றாலே எல்லாரும் அந்த நாலாவது புகைபோக்கியைத்தான் சொல்வார்கள். மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்குப் பொய்யாக ஒன்றை மாட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி காட்டிய தந்திரம். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தந்திரம் இந்தச் சுரண்டல்தான். அக்டோபர் 10-ம் தேதி கிளம்பிவிட்டார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தீவில் இருந்தது ஓடுகிற நிலையில் ஒரு மோட்டார் படகு மட்டும்தான்.

இதே வேலையை அஜாக்கிரதையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாதமே உதாரணம் உண்டு. ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பல் பாய்லர்களைச் சுத்தம் செய்வதற்காகப் பினாங்குத் துறைமுகத்தில் நின்றது. கேப்டன் இரவு கரையில் தங்கிவிட்டார். காவல் சரியில்லை. அக்டோபர் 28 விடியற்காலை எம்டன் உள்ளே நுழைந்து டார்பிடோ விட்டது. ஷெம்சுக் மூழ்கியது, எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் செத்துப்போனார்கள். வெளியே போகும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் போனது.

கடைசியில் எம்டனுக்கும் கரிதான் வினையானது. நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க 50 பேரைக் கரையில் இறக்கினார் முல்லர். அப்படியே கரி நிரப்பிக்கொள்ள பியூரெஸ்க்கையும் வரச் சொல்லியிருந்தார். தொடுவானத்தில் புகை தெரிந்தது. பியூரெஸ்க்தான் வருகிறது என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி. எம்டனைவிட வேகம் அதிகம், பீரங்கியும் பெரியது. சில மணி நேரத்தில் எம்டன் பவளப்பாறையில் மோதி நின்ற இரும்புக் குவியல். 130-க்கும் மேற்பட்டவர்கள் பலி. பிடிபட்ட, மூழ்கிய வணிகக் கப்பல்கள் இருபதுக்கு மேல் என்ற கணக்கோடு அந்த ஓட்டம் அங்கே முடிந்தது.

ஆனா கரையில இறங்கின 50 பேர் மிச்சம் இருந்தாங்களே? அவங்க தலைவர் ஹெல்முத் ஃபான் முக்கே, எம்டனின் துணைக் கேப்டன். தீவில் ஆயிஷா என்று ஒரு மூன்று பாய்மரக் கப்பல் சும்மா கிடந்தது. முன்பு கொப்பரை ஏற்றப் போன 97 டன் வண்டி. அடிமரம் உளுத்துப்போயிருக்கிறது, எடுக்காதீர்கள் என்று தீவுக்காரர்களே எச்சரித்தார்கள். எடுத்தார்கள். தண்ணீர் உள்ளே கசிந்தது. பம்பு வேலை செய்யவில்லை, கந்தலையும் கிரீஸையும் வைத்து அடைத்து ஓட்டினார்கள். பாய்கள் நைந்திருந்தன, தைத்துக்கொண்டே போனார்கள். குடிதண்ணீர்த் தொட்டிகளில் பெரும்பாலானவை நாறியிருந்தன. மழை வரும்போது பாயை விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். நவம்பர் 27-ல் சுமத்ராவின் பாடாங் துறைமுகம். டச்சுக்காரர்கள் அதே 24 மணி நேர சட்டத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

டிசம்பர் நடுவில் கடலில் சோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைச் சந்தித்து அதில் ஏறிக்கொண்டார்கள். 16-ம் தேதி, ஐந்து வாரமாக ஓட்டை அடைத்துக் காப்பாற்றிய ஆயிஷாவை, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று அவர்களே ஓட்டை போட்டு மூழ்கடித்தார்கள்.