மரம் பாதி, சட்டி பாதி



போன்சாய் என்றதும் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது குட்டி மரம்தான். ஆனால் அந்த ஜப்பானியச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'போன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். பெயரிலேயே சட்டிதான் முன்னால் நிற்கிறது! அதனால் இந்தப் பதிவு சட்டிக்கு.

கதை சீனாவில் தொடங்குகிறது. 706-ல் கட்டப்பட்ட தாங் வம்சத்து இளவரசர் ஜாங்ஹுவாயின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம். குட்டிச் செடிகள் வைத்த தட்டைப் பணியாள் ஏந்தி வருகிறார். ஜப்பானில் 1309-ஐச் சேர்ந்த ஓர் ஓவியச் சுருளிலும் இப்படித் தட்டுத் தோட்டம் இருக்கிறது.

சீனர்களின் பென்ஜிங் கலையில் சட்டி ஒரு மேடை. ஷிவான் ஊர்க் குயவர்கள் செய்த குட்டி மீனவர், குடிசை, பாலம் எல்லாம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். ஜப்பானியர்கள் பெரும்பாலும் பொம்மைகளை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது மரமும் சட்டியும் மட்டுமே. அப்போது சட்டியின் பொறுப்பு கூடிவிட்டது, இல்லையா?

அந்தச் சட்டிக்கும் சீனாவைத்தான் நம்பினார்கள். யிஷிங் ஊரின் செம்பழுப்புக் களிமண் சட்டிகளுக்கு அங்கே ஏக மவுசு. பிறகு 1878-ல் ஜின் ஷிஹெங் என்ற சீனர் டோகோனாமே ஊருக்கு வந்து, யிஷிங் முறையில் தேநீர்க் கெண்டி செய்யக் கற்றுக்கொடுத்தார். அதே டோகோனாமேதான் பின்னாளில் போன்சாய் சட்டிக்கும் பெயர் வாங்கியது. (நம்ம பி.காம் பாடத்தில் வரும் 'இறக்குமதி மாற்று' ஞாபகம் வருதா?) ஆனாலும் பழைய சீனச் சட்டிகளின் மதிப்பு குறையவில்லை. 'கோவதாரி', அதாவது அந்தக் காலத்தில் கடல் தாண்டி வந்தது என்று தனிப் பெயரே வைத்துப் போற்றுகிறார்கள்.

ஜோடி சேர்ப்பதற்கும் கணக்கு உண்டு. பைன், ஜூனிபர் போன்றவற்றுக்குப் பளபளப்புப் பூச்சு இல்லாத பழுப்புச் சட்டி. பூக்கும், காய்க்கும் மரங்களுக்கு வண்ணப் பூச்சுள்ள சட்டி. ஆழம் ஏறக்குறைய அடிமரத்தின் பருமன் அளவு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. அதன் வழியாகவே கம்பி கோத்து மரத்தைக் கட்டி நிறுத்துகிறார்கள். பனியில் வெடிக்காமல் இருக்க, அதிக சூட்டில் சுட வேண்டும்.

வாஷிங்டன் போன்சாய் அருங்காட்சியகத்தில் யமாகி பைன் என்றொரு மரம். 1625 முதல் வளர்க்கப்படுவது. 1945-ல் ஹிரோஷிமா குண்டிலும் பிழைத்து, 1976-ல் அமெரிக்காவுக்கே பரிசாகப் போனது. குண்டின் கதை அங்கே தெரிந்ததே 2001-ல், வளர்த்தவரின் பேரன்கள் சொல்லித்தான். இப்படி நூற்றாண்டுகள் வாழும் மரத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேரை நறுக்கித் திரும்ப நட வேண்டும். அது உயிரோடு இருப்பதே கைப்பிடி மண்ணும் அதைத் தாங்கும் சட்டியும் இருப்பதால்தான்.

வணிகத்தில் பெட்டியைப் பிரித்துத் தூக்கிப் போடுகிறோம். இங்கே பெட்டியை எடுத்துவிட்டால் பொருளே இல்லை. மரத்தை வளர்த்தவர் பெயரோடு சட்டி வனைந்தவர் பெயரையும் சொல்வதுதானே நியாயம்? உங்கள் கருத்தைப் பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்.